பெட்டியில் போடாத சீட்டு

ஆலயத்து ஜெபப் பெட்டிக்கு ஒரே ஒரு சாவிதான். பதினோரு வருடமாக அது தபாலக்காவின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தப் பெயர். போதகர் உட்பட சபையில் எல்லோருக்கும் அவர் தபாலக்காதான்.

நடைமுறை இதுதான். கஷ்டம் உள்ளவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல், வாசலுக்கு அருகில் சுவரில் பதித்த மரப்பெட்டியில் போட வேண்டும். வியாழக்கிழமை காலையில் தபாலக்கா பெட்டியைத் திறப்பார். ஆள் அடையாளம் காட்டும் விஷயங்களை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் ஒரே தாளில் எழுதிப் போதகரிடம் கொடுப்பார். சீட்டுகளை எரித்துவிடுவார். மாலை ஜெபக்கூட்டத்தில் போதகர் தாளை வாசிக்க, நாற்பது பேர் முழங்கால் படியிட்டு ஜெபிப்பார்கள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, எழுதியது யாரென்று தபாலக்காவுக்குத் தெரியும். கோழி கிளறியது போன்ற முகவரிகளை முப்பது வருடம் படித்த கண் அது. தெரிந்ததை ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அந்த மௌனமே தன் ஊழியம் என்று நினைத்திருந்தார்.

அதற்குத்தான் இப்போது பங்கம் வந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தையல்காரரின் மனைவி அவரைச் செருப்பு விடும் இடத்துக்கு ஓரங்கட்டி அழைத்துப் போனாள். தையல்காரருக்குக் கை நடுங்குகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று அவள் சீட்டு எழுதியிருந்தாள். போன சனிக்கிழமை, சபைக்குப் புதிதாக வந்த பூட்டுக்காரன் தையல் கடைக்கு வந்து, யாரும் கேட்காமலே இருபது ஊசிகளில் நூல் கோத்துப் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போனானாம்.

"அந்தச் சீட்டு விஷயம் உங்களுக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும் அக்கா. கர்த்தர் வெளியே சொல்லியிருக்க மாட்டார்" என்றாள்.

தபாலக்காவுக்குக் காது மடல் சுட்டது. அடுத்து பேருந்து ஓட்டுநர். தன் வயிற்றில் கட்டி இருப்பதை வீட்டுக்குச் சொல்லாமல் சீட்டில் எழுதியவர். அவரோடு மருத்துவமனை வரிசையில் பூட்டுக்காரன் உட்கார்ந்திருந்ததை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். பேச்சு போதகர் காதுக்குப் போயிற்று. அவர் மென்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்: அடுத்த மாதக் கடைசிக்குள் விஷயம் எப்படிக் கசிகிறது என்று தெரியாவிட்டால், பெட்டியைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

கசிவு எங்கே என்பதில் தபாலக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பூட்டுக்காரன் சபைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்த முதல் வாரமே, அவரவர் தம் கதையைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து, ஊரார் வீட்டுப் பூட்டைத் திறந்து நாலு வருடம் சிறையில் இருந்தவன் தான் என்றும், அங்கேதான் கர்த்தர் தன்னைப் பிடித்தார் என்றும் போட்டு உடைத்தான். அதோடு விட்டானா? பூட்டு ரிப்பேருக்குக் கூப்பிடும் வீடுகளிலும் வாசலில் நின்று முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பான். பாதிப் பேர் அங்கேயே கதவைச் சாத்திவிடுவார்கள். மறு வாரமும் சபையில் எழுந்து அதையேதான் சொல்வான். பாட்டு நேரத்தில் கூரை அதிரப் பாடுவான். சுருதிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். இவ்வளவு சத்தமாகப் பக்தி செய்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது தபாலக்காவின் கட்சி.

தபால் தலைத் தாளின் ஓரத்தில் வரும் பசைப் பட்டையைக் கிழித்து, பெட்டி மூடியின் இடுக்கில் யாருக்கும் தெரியாதபடி ஒட்டி வைத்தார். மூன்று வியாழனும் பட்டை ஒட்டியபடியே இருந்தது. வேறொருவராக இருந்தால் நிம்மதி அடைந்திருப்பார். தபாலக்காவோ, பூட்டையே திறக்கிறவனுக்குப் பசையை உரித்து ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தார். மஞ்சள் காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அவர் இவ்வளவு பதறியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது எந்தச் சீட்டிலும் இல்லை.

சபையின் பாடகர் குழுவை இருபது வருடம் நடத்தியவர் அவர் கணவர். அவர் வராததற்கு முட்டி வலி, மாடிப்படி இறங்க முடியவில்லை என்று தபாலக்கா சொல்லி வந்தார். முட்டிக்கு ஒன்றுமில்லை. நினைவுதான் ஒன்றரை வருடமாக நழுவிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு பெரிய சாலை வரை போய், லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டார். அன்றிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் தபாலக்கா அவரை உள்ளே வைத்து, கதவுக்கு வெளியே புதிய பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். வெளியூரில் இருக்கும் மகன், அப்பாவை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஏற்கெனவே ஒருமுறை போனில் சொல்லியிருந்தான். விஷயம் சபையில் பரவினால் மகனுக்குப் போகும், மகனுக்குப் போனால் கணவர் தன் கையை விட்டுப் போய்விடுவார். ஊசி நூல் வரை மோப்பம் பிடிக்கிறவன் இதைப் பிடிக்க எத்தனை நாள் ஆகும்?

ஆகவே தூண்டில் போட்டார். இடது கையால், கோணல் எழுத்தில் ஒரு சீட்டு எழுதினார். 'பச்சைக் கேட் கட்டடம், மூன்றாம் மாடி. தனியாக இருக்கும் பெண் நான். தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. ராத்திரி பயமாக இருக்கிறது.' பச்சைக் கேட் கட்டடம் அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. மூன்றாம் மாடி இரண்டு வருடமாகக் காலி. ஞாயிறு மதியம் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, திங்கள் முதல் புதன் வரை ஜன்னலை விட்டு நகராமல் பார்த்தார். அந்தப் படியில் ஒரு பூனை ஏறிற்று. வேறு யாரும் ஏறவில்லை.

வியாழன் வந்தது. அந்தச் சீட்டைத் தாளில் சேர்க்காமல் விட்டால் திருடன் உஷாராகிவிடுவான் என்று அதையும் முகவரி நீக்கிச் சேர்த்தார். அங்கேதான் தவறு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், யாருக்காகவும் இரண்டு வரிக்கு மேல் ஜெபிக்காதவர், அந்தப் பெண்ணுக்காகக் கால் மணி நேரம் மன்றாடினார். தனியாக இருக்கிற பயம் எனக்குத் தெரியும் ஆண்டவரே என்று சொல்லும்போது குரல் உடைந்துபோயிற்று. தபாலக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பூட்டுக்காரன் எழுந்தான். வழக்கமான சிறைக் கதை வரும் என்று பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார். அவன் அதைச் சொல்லவில்லை.

"அந்தத் தாழ்ப்பாள் அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க இங்கேயே உக்காந்திருக்கலாம். தாழ்ப்பாள் என் வேலை. ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல பையோட நிக்கறேன். சும்மா தலையாட்டினா போதும், பின்னாலேயே வந்து போட்டுக் குடுத்துடறேன்."

சொன்னபடியே நின்றான். கூட்டம் கலைந்தது, போதகர் போனார், வெயில் ஏறிற்று. ஒவ்வொரு பெண்ணும் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்தான். தபாலக்கா உள்ளே பாட்டுப் புத்தகங்களை அடுக்கினார், மறுபடியும் அடுக்கினார். வீட்டில் பூட்டுக்குள் மனிதர். இவனைத் தாண்டாமல் போக வழியில்லை.

வெளியே வந்ததும், அவன் ஏமாற்றத்தோடு சொன்னான். "அந்த அம்மா வரலையே அக்கா."

அவருக்கு முகவரி தெரியும், அவனுக்குத் தெரியாது. அப்படியென்றால் பெட்டியை யாரும் திறக்கவில்லை. திறந்திருந்தால் மூன்றாம் மாடிக்கு அல்லவா போயிருப்பான்? மூன்று வாரமாகப் பசைப் பட்டை சொன்னதையே இவன் முகமும் சொன்னது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"தையல்காரர் கை நடுங்கறது உனக்கு யார் சொன்னது?"

"அவரேதான்."

"பொண்டாட்டிகிட்டயே அதைப் பத்திப் பேசாதவர் உன்கிட்டச் சொன்னாராக்கும்?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னார். நான் போகல, நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார்." பூட்டுக்காரன் சிரித்தான். "எனக்கென்ன அவசரம்? கடையில வாடிக்கை வரிசை கட்டியா நிக்குது? உள்ளே இருந்தப்ப ஒருத்தர் வாராவாரம் வந்து அதே கேள்வியைக் கேட்பார். மூணு மாசம் நான் வாயே திறக்கல. அவர் பாட்டுக்கு நின்னுட்டே இருந்தார்."

பேருந்து ஓட்டுநரும் அப்படித்தானாம். தையல்காரர் மனைவியின் முதல் சீட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாக அந்த நடுக்கம் அவருக்குத் தெரியும். கடையைத் தாண்டித்தான் தினமும் காய்கறி வாங்கப் போகிறார். ஒரு ஊசியைக் கையில் வாங்கியதில்லை.

"நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?"

"கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம் தம்பி."

அவன் நின்றான். தபாலக்கா சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தார். அவன் பார்வை அதன்மேல்தான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. அந்தப் புதுச் சாவி வெளிப்பூட்டுச் சாவி. பிரசங்கம் முழுக்க அதையே தடவிட்டு இருக்கீங்க. காலி வீட்டைப் பூட்டிட்டு வந்தவங்க அப்படித் தடவ மாட்டாங்க. பழைய தொழில், கண்ணு போயிடுது." குரலைத் தாழ்த்தினான். "உள்ளே ஆளை வெச்சு வெளியே பூட்டக் கூடாது அக்கா. ஒரு தீ கீ பத்தினா?"

இவன் வீட்டுக்குள் நுழைய வழி தேடுகிறான் என்று சந்தேகம் கடைசியாக ஒருமுறை தலைதூக்கிற்று. தூக்கிய தலையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முட்டி வலி என்று சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

வீட்டுக்குக் கூட்டிப் போனார். பூட்டைத் திறந்தபோது கணவர் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. பூட்டுக்காரனை மேலும் கீழும் பார்த்தார்.

"பயிற்சிக்கு இப்பத்தான் வர்றியா? மத்தவங்கல்லாம் எங்கே?"

"வழியில லேட்டாயிடுச்சு சார்."

"பாடு."

பாடினான். இரண்டாம் வரியிலேயே கணவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சுருதி எங்கேயோ நிக்குது, நீ எங்கேயோ நிக்கறே. முதல்ல இருந்து." ஒன்றரை வருடத்தில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி தபாலக்கா கேட்டதில்லை. பூட்டுக்காரன் திட்டு வாங்கிக்கொண்டே வெளிப்பூட்டின் கொண்டியைக் கழற்றி, உள்பக்கம் உயரத்தில், அவர் கைக்கு எட்டாமலும் ஆபத்தென்றால் உள்ளே துணையிருப்பவர் சாவி இல்லாமலே திறக்கும்படியும் ஒரு பூட்டைப் பொருத்தினான். ஞாயிறுகளில் சாரைத் தானே கைத்தாங்கலாகக் கூட்டி வருவதாகவும், மற்ற நாட்களில் தபாலக்கா வெளியே போக வேண்டுமானால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாருக்குத் துணையாகத் தான் வந்து இருப்பதாகவும் சொன்னான். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்த பின், அன்று மாலையே தபாலக்கா மகனுக்குப் போன் செய்தார். இல்லம் வேண்டாம், ஆள் இருக்கிறது என்றார். யார் என்று அவன் கேட்டான். சபை என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது இன்னும் உண்மையில்லை, சபைக்கு ஒன்றும் தெரியாதே என்று உறைத்தது.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் எழுந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கணவர் பக்கத்தில், பூட்டுக்காரனின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தாழ்ப்பாள் அம்மான்னு ஒருத்தியும் இல்ல. அந்தச் சீட்டை எழுதினது நான். இந்தத் தம்பி பெட்டியைத் திறக்கறான்னு சந்தேகப்பட்டு, பிடிக்கறதுக்காக எழுதினேன். இவன் பெட்டியைத் தொடவே இல்ல. இல்லாதவளுக்காக உங்களையெல்லாம் முழங்கால் போட வெச்சேன். என் வீட்டுக் கஷ்டத்தை ஒரு சீட்டுலயும் எழுதல." பிறகு அதையும் சொன்னார், பூட்டு முதல் ஒற்றைச் செருப்பு வரை.

கணக்கு வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "கால் மணி நேரம் என் முட்டியைத் தேய வெச்சது உங்க சீட்டுதானா?" என்றார். பிறகு, "வர்ற வியாழன் சாரை என் பக்கத்துல உக்கார வைங்க. நானும் தனியாத்தான் இருக்கேன்" என்றார்.

தபாலக்கா பெட்டிச் சாவியைக் கழற்றிப் போதகரிடம் நீட்டினார். போதகர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பெட்டி இருக்கட்டும், சாவி யாரிடம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். தபாலக்காவுக்கு அது வலித்தது. நியாயம் என்றும் தெரிந்தது. தையல்காரர் மனைவி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பாட்டில் கணவர் பாதியில் எழுந்து நின்று, "சுருதி, சுருதி" என்று பூட்டுக்காரனை எல்லோர் முன்னாலும் அதட்டினார். அவன் இன்னும் சத்தமாகப் பாடினான்.

வாசலில் கூட்டம் கலையும்போது பேருந்து ஓட்டுநர் எதிரே வந்தார். சட்டை முன்பைவிடத் தொளதொளவென்று இருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றார் தபாலக்கா.

"நல்லா இருக்கேன் அக்கா" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடினார்.

தபாலக்கா நகரவில்லை.