நாலு விரல் திறக்கும் பெட்டி

1

இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறந்ததல்ல. பஸ்ஸில் முன் சீட் கிடைத்ததில் பிறந்தது. அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி, அதன் வாலில் ஒரு டிரெய்லர், டிரெய்லரில் ஒரு கல்யாணக் கூட்டம். வளைவில் திரும்பும்போதெல்லாம் இரண்டு வண்டிகளையும் இணைத்த இரும்புத் தடி கண்ணில் பட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது எழும்பி எழும்பி விழுந்தது. அது கழன்றுவிடப் போகிறது என்று சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

லாரி வல்லத்திராக்கோட்டைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட கையோடு, ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று ஒரு சின்ன வருத்தமும் வந்தது. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்கிறவர் ஏறும் பஸ்ஸில் நீங்கள் ஏறாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: “வானம் தன் கரிய கூந்தலை விரித்து—” (அடித்துவிட்டேன். லாரிக்கும் கூந்தலுக்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: “போக்குவரத்துத் துறையின் வளர்ச்சியில் இலுப்பூர் ஆற்றிய பெரும்பங்கு—” (இதை நான் எழுதவில்லை, சோலையப்பன் எழுதச் சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை, அதற்குள் அதிகாரம்.)

மூன்றாவது: “நாகராசுக்குப் பயமாக இருந்தது.”

இது நிற்கட்டும்.

நாகராசு டிரைவர். சோலையப்பன் முதலாளி. வருஷம் ஐம்பத்தேழு என்று வைத்துக்கொள்வோம். சண்டையில் ஓடி ஓய்ந்த மிலிட்டரி லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, பச்சையை மறைத்துச் சிவப்படித்து, ‘சோலையப்பன் டிரான்ஸ்போர்ட், இலுப்பூர்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒரே ஒரு லாரிக்கு அந்தப் பெயர் கொஞ்சம் தொளதொள. அதற்காகவே ஒரு டிரெய்லரும் வாங்கினார்.

3

டூல்ஸ் பெட்டி லாரியின் பக்கவாட்டில், பாடிக்கு அடியில் இருப்பதுதான் வழக்கம். சோலையப்பன் ஒப்பவில்லை.

“சைடுல மாட்டுனா வயல்ல நிக்கிற மாடுதான் படிக்கும். பின்னாடி வர்றவன் படிக்கணும்ப்பா!”

படிக்க வேண்டியது பெயரை. பெயர் பெட்டிக் கதவில். ஆகவே பெட்டி லாரியின் வாலுக்கு வந்தது, டிரெய்லரை மாட்டும் இரும்புத் தாடைக்கு ஒட்டினாற்போல. பட்டறைக்காரர் பிச்சைமுத்து போல்ட்டு போட்டு முறுக்கினார். கதவின் கீல் கீழே. திறந்தால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தட்டு மாதிரி விரியும். அதில் சாமான்களைப் பரப்பி வைக்கலாம். பத்துத் தடவை திறந்து மூடிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நாகராசும் தட்டினான்.

டிரெய்லர் அப்போது அங்கே இல்லை. பெயிண்ட் காய்வதற்காக வேறிடத்தில் நின்றது.

(வண்டி விஷயம் தெரியாதவர்களுக்கு: டிரெய்லரின் முன்னால் நீளும் ஏர்க்காலில் ஒரு வளையம். அது தாடைக்குள் நுழையும். மேலிருந்து ஒரு தடி இரண்டையும் சேர்த்து இறங்கும். தடியின் அடியில் ஒரு துளை. அதில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு லாக் பின். அது இல்லாவிட்டால் குண்டுகுழியில் தடி துள்ளி வெளியே வந்துவிடும். லாரி ஒரு பக்கம் போகும், டிரெய்லர் தன் இஷ்டத்துக்குப் போகும்.)

4

ஆயுத பூஜை. ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் கழுவி வாழை இலையில் வைத்தார்கள். இருந்ததிலேயே புத்தம் புதிதாகப் பளபளத்தது லாக் பின்தான். சோலையப்பன் அதை நடுநாயகமாக வைத்தார். சந்தனம், குங்குமம். பெரிய ஸ்பானரோடு சேர்த்து மஞ்சள் நூலால் ஒரு கட்டு. கற்பூரம் காட்டி, அத்தனையையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. இது உங்களுக்கும் தெரியும்.

அப்புறம் டிரெய்லர் வந்தது. ஏர்க்காலை மாட்டித் தடியை இறக்கிவிட்டு, நாகராசு லாக் பின்னுக்குக் கையை நீட்டினான். கை அந்தரத்தில் நின்றது.

“மொதலாளி, லாக் பின்னு உள்ள இருக்குங்க.”

“இருக்கட்டும். சாமிக்கு வச்சதத் தொடுவியா நீ? சித்தன்னவாசல்தானப்பா போறோம், சிங்கப்பூரா போறோம்?”

வெள்ளோட்டம். ஊர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சித்தன்னவாசல்வரை ஓசிச் சவாரி. தலைமை விருந்தினர் ஒருவர் மாலையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். டிரெய்லரில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நாகராசின் மனைவி செவந்தி. அவள் மடியில் பல் முளைக்காத பெண் குழந்தை.

(செவந்தியை நான்தான் ஏற்றினேன். முதல் பிரதியில் அவள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அப்போது நாகராசுக்குப் பயம் போதவில்லை.)

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி கிளம்பியது.

5

வழியில் ஒரு கண்மாய். பாதை கரையில் ஏறி, உச்சியிலேயே கொஞ்ச தூரம் ஓடி, அந்தப் பக்கம் இறங்கும். ஒரு பக்கம் புதுமழைத் தண்ணீர், மறுபக்கம் பள்ளம்.

டங்.

பின்னால் சத்தம் கேட்டது. பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். குலவைக்கு நடுவே மறுபடி டங். நாகராசு பிரேக்கை மிதித்தான். கரையடியில் நிறுத்தி, பின்னால் ஓடிப் பார்த்தான். தடி பாதிக்கு மேல் எழும்பி நின்றது. இன்னும் ஒரே ஒரு பள்ளம் போதும். கல்லை எடுத்து அதை அடித்து இறக்கினான். அவசரத்தில் ஓர் அடி விரலில் விழுந்தது. வலி தெரியவில்லை. முன்னால் ஓடினான்.

“மொதலாளி, சனத்தை எறக்கிருவோமுங்க. கரையத் தாண்டி ஏத்திக்கலாம்.”

“மொத நாளே என் வண்டியிலேர்ந்து எறங்கி நடந்தாய்ங்கன்னு ஊரு பேசவா? அங்கிட்டு யாரு ஒக்காந்திருக்கா பாத்தியா? மெதுவா ஓட்டு, போதும்.”

தலைமை விருந்தினர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “பயணத்தில் தடை வரலாம், தடுமாற்றம் வரக்கூடாது!” என்றார். தானே அதை ரசித்தார்.

நாகராசு பின்னால் வந்தான். சாமி குத்தம் தன் தலையிலேயே விடியட்டும் என்று பெட்டியின் பூட்டைத் திறந்து கதவை இழுத்தான்.

கதவு நாலு விரல் நுழையும் அளவு திறந்து, ஏர்க்காலில் முட்டி நின்றது.

இன்னொரு தடவை இழுத்தான். நாலு விரல்தான். உள்ளே, நெற்றியில் குங்குமத்தோடு, லாக் பின் அவனைப் பார்த்தது. கையை நுழைத்தான். விரல் முட்டியோடு நின்றது. டிரெய்லரைக் கழற்றினால்தான் பெட்டி திறக்கும், சனம் இறங்கினால்தான் டிரெய்லரைக் கழற்றலாம். பெட்டி திறந்தால்தான் டிரெய்லர் கழலாது. அன்று பட்டறையில் அவன் கை தட்டியது இப்போது அவனுக்கே காதில் கேட்டது.

* கம்பியை விட்டு எடுக்கலாமே என்கிற வாசகருக்கு: மஞ்சள் நூலால் ஸ்பானரோடு கட்டியிருக்கிறது. விரலால்தான் அவிழ்க்க வேண்டும். பின்னுக்குப் பதிலாகத் துளையில் குச்சி, கம்பி எதைச் செருகினாலும் அடுத்த பள்ளத்தில் முறிந்துவிடும்.

செவந்தி இறங்கி வந்தாள். “என்னங்க, மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு?”

அவன் காட்டினான். அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையை நுழைத்தாள். விரல், உள்ளங்கை, எல்லாம் போயிற்று. மணிக்கட்டில் நின்றது. பூஜைக்காக இறுக்கிப் போட்ட புதுக் கண்ணாடி வளையல்கள்.

 * எண்ணெய் போட்டுக் கழற்றலாமே என்கிற வாசகருக்கு: கிரீஸ் டப்பா பெட்டிக்குள் இருக்கிறது.

“அந்தக் கல்லத் தாங்க,” என்றாள்.

நாகராசு கல்லை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். தண்ணீரும் பள்ளமும் வேறு வகைப் பயம். இது வேறு. புருஷன் குத்துக்கல்லாக எதிரே நிற்க, அதுவும் நல்ல நாளில், ஒரு பெண் தன் வளையலை உடைப்பதை அவன் கனவிலும் பார்த்ததில்லை. எந்த வீட்டில் வளையல் உடைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

“வேணாம் புள்ள.”

“ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது.”

“ஆனா?”

“வளையலு கையிலதான இருக்கு. மடியில என்னா இருக்குன்னு பாருங்க.”

6

இங்கே என்னிடம் சில முடிவுகள் இருந்தன. ஒன்றில் வளையல் உடைகிறது, வண்டி கரை தாண்டுகிறது. எல்லோரும் குகையில் தாமரைக் குளத்து ஓவியம் பார்க்கிறார்கள். நாகராசு செவந்தியின் மொட்டைக் கையைப் பார்க்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு தும்மலுக்கும் பயப்படுகிறான். இன்னொன்று, “கரையின் உச்சியில் இடது சக்கரம்—” அதற்கு மேல் எழுதவில்லை. பேனாவில் மை இருந்தது.

எல்லோரையும் கீழே இறக்கிவிட எனக்கு ஒரு வரி போதும். சோலையப்பனிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இறக்கவில்லை. இந்தப் பெட்டிக் கதவில் என் பெயரும் எழுதியிருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் படிக்கவேண்டாமா?

செவந்தி குழந்தையை யாரிடமாவது கொடுக்க வேண்டும். நாகராசின் கையில் கல். என் கையில் பேனா. நீங்கள்தான் சும்மா நிற்கிறீர்கள்.

வாங்கிக்கொள்ளுங்கள். தலையைத் தாங்கிப் பிடியுங்கள், கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை.

நாகராசு கல்லை அவளிடம் கொடுத்தான். பார்க்கத் துணியாமல் முன்பக்கம் ஓடினான். பார்க்காவிட்டால் நடக்காது என்று ஒரு கணக்கு. அந்த நேரம் பார்த்து சோலையப்பன் ஹாரனை அமுக்கினார், விடாமல் அமுக்கினார். கண்ணாடி உடையும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டதா?

“ஆச்சா?” என்று நாகராசு திரும்பாமலே கத்தினான்.

“நீங்க எடுங்க வண்டிய.”

செவந்தி முந்தானையால் வலது கையை முழங்கைவரை சுற்றியிருக்கிறாள். வளையல் உடைந்த கையை மறைக்கிறாளா, உடையாத கையையா, தெரியவில்லை. லாக் பின் துளைக்குள் போனதா என்பதும் தெரியவில்லை. இடது கையால் பலகையைப் பிடித்து டிரெய்லரில் ஏறிவிட்டாள். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரோ மறுபடி குலவையை ஆரம்பித்தார்கள்.

கிளட்ச் அமுங்குகிறது. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.

குழந்தையைக் கேட்கவில்லை.