குளிரறை

கீரைக் கூடைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. குளிரறையின் கனத்த கதவை ஒருத்தி முதுகால் முட்டுக்கொடுத்து நிற்க, மற்றவர்கள் கூடைகளைத் தூக்கிவந்து மரநிழலில் இறக்கினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பூட்டைத் திறந்துவிட்டது அவன்தான். விடிகாலையில் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இப்போது அவளை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அவளுடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்துசேர நாளை மதியமாகிவிடும். ஐஸ் பெட்டி வாடகைக்குக் கேட்டால் எதுவும் காலியில்லை என்றார்கள்.

"வீட்டுக்குப் பின்னாடியே அவ்ளோ பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கே, மாப்ளே" என்று அந்த மச்சான்தான் போனில் சொன்னார். அவன் உடனே சரி என்றான். இன்னும் ஓர் இரவு அவள் இருப்பாள் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

அந்த அறை அவனுடையதோ அவளுடையதோ அல்ல. மருந்தடிக்காமல் பயிர் செய்யும் பெண்கள் கூட்டாகக் கட்டியது. அவனும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் ஆபீசுக்குப் போனான், அவள் வயலுக்கு வந்தாள். அந்தப் பெண்களைத் திரட்டியதும், நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கி வாடிக்கை பிடித்ததும் அவள்தான். வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதான வாரத்தில் பால் பாக்கெட்டோடு வந்தவனை இந்தக் கதவருகே மறித்தாள்.

"அது அவங்க ரூம். பால் கெட்டா கெடட்டும்."

கடைகளுக்குக் கொண்டுபோக நாளைக் காலையில்தான் வண்டி வரும். அதுவரை வெளியில் கிடந்தால் கீரை தலை தொங்கிவிடும். இது அவனுக்கும் தெரியும். அவன் நிழலுக்குப் போனான்.

கீரைக்காவும் தக்காளியக்காவும் ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தார்கள். யார் எதைப் பயிரிடுகிறார்களோ அதையே பெயராக வைத்துக் கூப்பிட்டவள் அவன் மனைவி.

"ஒனக்கென்ன, தக்காளி ரெண்டு நாள் தாங்கும். என்னோடது மூஞ்சி சுருங்கிப்போயிடும்."

"ஒம் மூஞ்சி மட்டும் என்னவாம்?"

கீரைக்கா சிரிக்கப் பார்த்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவனைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள்.

"உள்ள தொடச்சு வச்சிட்டோம் தம்பி. புள்ளையக் கொண்டாரலாம்."

"கேக்காமத் தொறந்துட்டேங்க்கா."

"சாவு வீட்ல என்ன கேக்குறது."

"இந்த ரூம்ல வச்சத அப்புறம் கடைக்காரங்க வாங்குவாங்களா?"

கீரைக்கா குனிந்து சாக்கின் ஓரத்தை இழுத்துவிட்டாள். அதையும் யோசித்திருக்கிறாள். யோசித்துவிட்டுத்தான் துடைத்திருக்கிறாள்.

அங்கேயே நின்று போன் செய்தான்.

"மச்சான், இன்னிக்கு சாயங்காலமே எடுத்துடறோம்."

"என்ன மாப்ளே. நான் ஏர்போர்ட்ல நிக்கிறேன்."

"கீரை கெட்டுப்போயிடும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது.

"கீரையா" என்றார் மச்சான். கத்தவில்லை. "என் தங்கச்சி மொகத்த நான் பாக்க வேணாமா?"

தப்பு என்னுடையது, காலையில் தலையாட்டியது நான் என்று சொல்லியிருக்கலாம். மறுமுனையில் ஏதோ ஒரு விமானத்துக்கான அறிவிப்பு முழுவதும் ஓடி முடிந்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

"அண்ணன் வரட்டும் தம்பி" என்றாள் கீரைக்கா. "கூடப் பொறந்தவரு. கீரைய ஆட்டுக்குப் போட்டாப் போச்சு."

"வேணாங்க்கா. கூடையெல்லாம் உள்ள வச்சிடுங்க."

"நல்லா யோசிச்சியா?"

அவன் தலையசைத்தான். அவள் அதற்குமேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

குளிரறை வாசலில் ஒரு வாளியும் சொம்பும் இருந்தன. ஒவ்வொருத்தியும் காலைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். அவன் ஒரு கூடையை எடுத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றான்.