பெரிய பிள்ளையின் நித்திரை

எல்லோரும் சுகந்தானே? இரவு நித்திரை கொண்டீர்களா? சும்மா மரியாதைக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் வாயில் வருகிற முதல் கேள்வி இதுதான். தேத்தண்ணி குடித்தாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நன்றாக நித்திரை கொண்டு எழும்பியவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கொள்ளாதவர்களுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வியாழக்கிழமை காலை பொலிஸ் எங்கள் கேற்றடிக்கு வந்தபோது நான் குசினியில் உழுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்தேன். களி கிண்டுகிறவள் கையை எடுக்கக்கூடாது, எடுத்தால் அடிப்பிடித்துவிடும். அதனால் கேற்றை யாரோ தட்டியபோது, "ஆரது? வாங்கோ உள்ள" என்று அடுப்படியில் நின்றபடியே சத்தம் போட்டேன். வந்தது காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண். தமிழ்ப் பிள்ளைதான், முப்பது வயது இருக்கும். பின்னால் ஓர் இளம் கொன்ஸ்தாபிள், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. எங்கள் அன்புவழிபுரத்து ஒழுங்கையில் பொலிஸ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், மற்ற வீடுகளில் எல்லாம் திடீரென்று முற்றம் கூட்டத் தொடங்கிவிடுவார்கள். அன்றைக்கும் விளக்குமாற்றுச் சத்தம் நாலு பக்கமும் கேட்டது.

"அம்மா, இந்த வீட்டில ஒரு பொம்பிளைப் பிள்ளையை அறைக்குள்ள பூட்டி வச்சு அடிக்கிறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு. பிள்ளையை நான் பாக்கோணும்," என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிழையா ஏதும் இருந்தால் பிள்ளையை நாங்கள் கூட்டிக்கொண்டு போகவேண்டி வரும். இப்பவே சொல்லிப்போட்டன்," என்றாள்.

அகப்பை கையிலேயே இருந்தது. களி பிடித்துப் புகை மணம் வந்த பிறகுதான் அடுப்பை அணைக்க நினைவு வந்தது.

துசானி என் மகள் கீர்த்தனியின் ஒரே பிள்ளை. பன்னிரண்டு வயது. பிறக்கும்போது மூச்சு எடுக்கச் சுணங்கியதால் மூளையில் பாதிப்பு என்றார்கள். நடக்க ஏலாது, இருந்த இருப்பில் அரக்கி அரக்கிப் போவாள். பேச்சும் இல்லை. ஆனால் குரல் இருக்கிறது. எப்படிப்பட்ட குரல் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பகலில் சிரித்துக்கொண்டு திரிகிற பிள்ளை, இரவு வந்ததும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தத் தொடங்குவாள். காரணம் கேட்டால் சொல்ல ஏலாது. நாங்கள் கேட்காமலும் விடவில்லை. வயிற்றுவலியா, காதுவலியா, பயமா என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். கிளினிக்கில் மருந்து தந்தார்கள், கொஞ்சம் குறைந்தது. சல்லி அம்மன் கோயிலில் நூல் கட்டினோம், எங்கள் மனம் கொஞ்சம் ஆறியது. அவள் கத்தல் ஆறவில்லை. இந்தக் கத்தலுக்காகவே இரண்டு வாடகை வீடு மாறினோம்.

கடைசியில் கைகொடுத்தது அவளுடைய அப்பாவின் முதுகு. என் மருமகன் பிரகலாதன் துறைமுகத்தடித் தரிப்பிடத்தில் ஓட்டோ ஓடுகிறவர். ஓர் இரவு, பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் களைத்து, அவளுக்குப் பக்கத்திலேயே பாயில் விழுந்து, மற்றப் பக்கம் திரும்பி அப்படியே உறங்கிப்போனார். பிள்ளை கத்திக்கொண்டே இரண்டு பாதத்தையும் அவர் முதுகில் வைத்து உதைந்தாள். உதைந்த கால் அங்கேயே நின்றது. கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. கீர்த்தனி மடியில் வைத்துப் பார்த்தாள், நான் என் முதுகைக் கொடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. அந்த அகலமும் அந்தச் சூடும் அந்த வேர்வை மணமும்தான் அவளுக்கு வேண்டும். கிளினிக் டொக்டர் கேட்டுச் சிரித்துவிட்டு, "அப்பிடியெண்டால் அதையே பிடிச்சுக்கொள்ளுங்கோ. ஒண்டையும் மாத்திப்போடாதீங்கோ," என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் மனிதர் கண்ணை மூடினார்கள். எல்லா இரவும் இல்லை. ஆனால் அனேகமான இரவுகள்.

அப்படி இருக்கும்போதுதான் போன கிழமை துசானி வயதுக்கு வந்து பெரிய பிள்ளையானாள்.

வெருகலில் இருக்கிற பிரகலாதனின் அக்காவுக்குக் கீர்த்தனி போன் எடுத்துச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "இந்தப் பிள்ளைக்கு ஏன் மச்சாள் அந்தக் கூத்தெல்லாம்? ஆருக்கும் சொல்லாமல் தலையில தண்ணியை வாத்துவிடுங்கோவன்." கீர்த்தனி போனை வைத்தாள். முகம் இரத்தம் வற்றிப்போய் இருந்தது.

"மற்றப் பிள்ளையளுக்குச் செய்யிறதில ஒண்டு, ஒண்டு கூட என்ர பிள்ளைக்குக் குறையக்கூடாது அம்மா," என்றாள்.

குறைய விடவும் இல்லை. சின்ன அறையை ஒழித்துப் புதுப்பாய் போட்டாள். வேறு கோப்பை, வேறு தட்டு. காத்துக்கறுப்பு அண்டாமல் தலைமாட்டில் பாக்குவெட்டி. காலையில் நல்லெண்ணெயும் முட்டையும், பிறகு களி. தண்ணீர் வார்க்கும் நாள்வரை ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது என்பதையும் எழுத்துப் பிசகாமல் பிடித்தாள். ஆண் என்று எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒருவர்.

முதல் இரவே விளங்கிவிட்டது. எங்கள் மூவருக்கும் விளங்கியது, மூவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை கத்தினாள். பழைய கத்தல் ஏறும், இறங்கும். இது இறங்கவேயில்லை. கீர்த்தனி அறைக்குள் அவளோடுதான் படுத்தாள். களைப்பில் அவள் கண் அயர்ந்த நேரம் பார்த்துப் பிள்ளை அரக்கிக்கொண்டு கூடம்வரை வந்துவிட்டாள். பிரகலாதன் சத்தம் கேட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் அவரே ஒரு கொளுக்கி வாங்கிவந்து கதவின் வெளிப்பக்கம் அடித்தார். அறைக்குள் பார்க்காமல், தலையைத் தோளுக்கு மேலால் திருப்பி வைத்துக்கொண்டு ஆணி அடித்தார். சுத்தியல் இரண்டு தரம் விரலில் பட்டது. தாயையும் மகளையும் உள்ளே விட்டு நான் கொளுக்கியைப் போடுவேன். அவர் வெளியே போய் ஓட்டோவின் பின்சீற்றில் குந்தியிருப்பார்.

"அவரை உள்ள விடு பிள்ளை. சாமி கண்ணைக் குத்தாது," என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே அம்மா. இப்ப விட்டால் மச்சாள் சொன்னது சரியெண்டாயிடும். இந்தப் பிள்ளைக்கு ஏன் எண்டு கேட்டவா."

இவ்வளவையும் பொலிஸ்காரப் பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது? அவள் நேரே அந்தக் கதவடிக்குப் போய்க் கொளுக்கியைப் பார்த்தாள். விரலால் ஒரு தரம் தூக்கி விட்டாள். புதுக் கொளுக்கி, இன்னும் பளபளப்புப் போகவில்லை. கொன்ஸ்தாபிளைக் கையைக் காட்டி விறாந்தையிலேயே நிற்பாட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

பிள்ளை மூலையில் சாய்ந்து இருந்தாள். கதவில் இடித்த நெற்றி வீங்கியிருந்தது. மணிக்கட்டில் தானே கடித்த பல்லடையாளம். பக்கத்தில் கீர்த்தனி, கழுத்தில் நகக் கீறல், இரண்டு கண்ணும் குழிக்குள். யாரை யார் அடித்தது என்று வெளியாள் கேட்டால் நானே தடுமாறியிருப்பேன்.

"ஏன் வெளியால கொளுக்கி?"

"மிஸ், பிள்ளை பெரிய பிள்ளையாகிட்டா. அதுதான் தனிய..." என்று நான் தொடங்கினேன்.

"எனக்கும் வீட்டில செய்தவைதான் அம்மா," என்றாள் அவள். "எனக்கு ஒருத்தரும் கொளுக்கி போடேல்லை."

எனக்கு வந்த ஆத்திரம் முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே, அறை யன்னலுக்கு நேரே, றபீக்கா நின்றாள், பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் மூன்று முழம் இடம்கூட இல்லை. நோன்புக் கஞ்சி தருகிற கை, பொங்கலுக்குப் பொங்கல் வாங்குகிற கை.

"இப்ப சந்தோசமே றபீக்கா? இனி நல்லா நித்திரை கொள்ளலாம், என்ன?"

அவள் ஒளிக்கவில்லை. "ஓம் அக்கா, நான்தான் சொன்னன். நித்திரைக்காகச் சொல்லல்ல. இந்தப் புள்ள கத்துறத நான் எத்தின வருசமாக் கேக்கிறன்? அதக் கேட்டுக்கிட்டே நான் தூங்குவன். ஒரு நாளாவது வாய் திறந்தனா? இது அந்தச் சத்தமில்ல அக்கா. இது வேற. கதவில இடிக்கிறது கேட்டிச்சு, கொளுக்கி போடுறது கேட்டிச்சு. உங்களிட்ட ரெண்டு தரம் கேட்டன், ஒண்டுமில்ல எண்டு முகத்த முறிச்சீங்க. நான் என்ன நினைக்கிற?"

உண்மை. கேட்டவள்தான். வீட்டுத் துடக்கு தீட்டுக் கதையை மதிலால் எட்டிச் சொல்வதா என்று நான்தான் வாயை மூடியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பிரகலாதனின் ஓட்டோ வந்து நின்றது. யாரோ தரிப்பிடத்துக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஓடி வந்தவர் கூடத்தில் காக்கியைக் கண்டதும் நின்றார். நின்றதும், பழக்கதோசத்தில், அறைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"நீங்கள்தானே தகப்பன்? பிள்ளைக்கு அடிக்கிறனீங்களோ?"

"நான் பிள்ளையின்ர முகத்தைக் கண்டே ஒரு கிழமையாகுது மிஸ்."

"ஒரே வீட்டுக்குள்ள இருந்துகொண்டோ?"

"ஓம்."

"இப்பவும் ஏன் அங்காலை பாக்கிறீங்கள்? என்னைப் பாத்துக் கதையுங்கோ."

அவர் திரும்பவில்லை. திரும்பினால் அவளுக்குப் பின்னால் அறை, அறைக்குள் பிள்ளை. குற்றம் செய்தவன் நிற்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பொலிஸ்காரப் பிள்ளையின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் மறைந்ததை நான் பார்த்தேன்.

துசானி அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டாள். முதலில் மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு அது வந்தது. பட்டப்பகலில், ஒழுங்கை முழுக்க விளக்குமாறு நிற்க, அந்தக் கத்தல் கூரைத் தகடுவரை போய் அடித்தது. கொன்ஸ்தாபிள் தலைக்கவசத்தைக் கீழே விட்டான். பொலிஸ்காரப் பிள்ளை ஓரடி பின்னுக்கு வந்தாள். பிள்ளை தலையைக் கதவு நிலையில் மோத வந்தாள், கீர்த்தனி தன் உள்ளங்கையை நடுவில் கொடுத்தாள். மோதிய சத்தம் அந்தக் கையில் கேட்டது.

"வாகனத்தை வரச்சொல்லுங்கோ," என்று பொலிஸ்காரப் பிள்ளை கொன்ஸ்தாபிளிடம் சொன்னாள். அவன் போனை எடுத்தான்.

கீர்த்தனி கதவைப் பிடித்து எழும்பினாள். "இஞ்சருங்கோ, உள்ள வாங்கோ," என்றாள் புருசனிடம்.

"இன்னும் தண்ணி வாக்கேல்லையே கீர்த்தி..."

"வாங்கோ எண்டிறன்!"

அவர் நிலத்தைப் பார்த்தபடி போனார். வாசற்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுப்பாயில் முதுகைக் காட்டிப் படுத்தார். பிள்ளை அவரை உதைந்தாள். சும்மா உதை இல்லை, ஒரு கிழமைக் கோபம். ஒவ்வொரு உதைக்கும் அவர் உடம்பு முன்னுக்குப் போய்த் திரும்பி வந்தது.

கத்தல் உடனே நிற்கவில்லை. நிற்கும் என்று நினைத்து வாசிக்கிறவர்கள் இப்படியொரு பிள்ளையோடு இருந்திருக்க மாட்டார்கள். கொன்ஸ்தாபிள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். பொலிஸ்காரப் பிள்ளை அவனைப் பார்க்கவில்லை, அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. கத்தல் துண்டு துண்டாக உடைந்தது. துண்டுகளுக்கு நடுவில் விக்கல். பிறகு வெறும் மூச்சு. பிறகு இரண்டு பாதமும் அவர் முதுகில் அப்பிக்கொண்டு நின்றன. கொன்ஸ்தாபிளின் போனுக்குள் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பொலிஸ்காரப் பிள்ளை கையை நீட்டி அந்தப் போனை வாங்கி நிற்பாட்டினாள்.

கீர்த்தனி நிலையோடு சாய்ந்து கீழே இருந்துவிட்டாள். "மச்சாளுக்கு நான் என்ன சொல்லுறது அம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

பதில் மதிலில் இருந்து வந்தது, அதுவும் குசுகுசுப்பில். "பக்கத்து வீட்டுக்காரி பொலிசக் கூட்டிவந்து கெடுத்துப்போட்டா எண்டு சொல்லு. என்ர தலையில போடு புள்ள. நல்ல பெரிய தலதான்."

கீர்த்தனிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

பொலிஸ்காரப் பிள்ளை என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். "திங்கக்கிழமை பிள்ளையையும் கிளினிக் கார்டையும் கொண்டு பொலிஸ் கந்தோருக்கு வாங்கோ அம்மா. நான் கண்டதை நான் சொல்லுவன். ஆனால் முறைப்பாடு வந்திட்டுது, பிள்ளையில காயம் இருக்கு. முடிவெடுக்கிறது நானில்லை." அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கொன்ஸ்தாபிள் மோட்டார் சைக்கிளில் ஏறி உதைக்கக் காலைத் தூக்கினான். அவள் அவன் தோளைப் பிடித்து நிற்பாட்டினாள். பிறகு அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், அந்தக் கனத்த வண்டியை மணல் ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். முற்றம் கூட்டியவர்கள் விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். பெரிய றோட்டில் ஏறி வளைவு திரும்பும்வரை இயந்திரச் சத்தம் கேட்கவேயில்லை.

நாளைக்குத் திங்கட்கிழமை. கந்தோரில் இருக்கிறவர்களுக்கு ஒரு முதுகைப் பற்றி எப்படி எடுத்துச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இரவில் கத்துகிற பிள்ளை இருந்தால், அல்லது இப்படி ஒரு மேசைக்கு முன்னால் நின்று பதில் சொல்லிய அனுபவம் இருந்தால், என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். சின்ன விசயம் என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் மூவரும் அந்தச் சின்ன அறையில் படுத்துவிட்டார்கள், கதவு திறந்திருக்கிறது. போனின் சத்தத்தை நிற்பாட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதினால் திரை மட்டும் வெளிச்சமாகும். நான் குசினிக் கதிரையில் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.