முப்பது சுருட்டும் ஒரு கதவும்

1

என் வலது மணிக்கட்டு வலிக்கிறது. இருபத்தாறு வருடம் சுருட்டு உருட்டிய கை. மூன்று வாரம் இலை வெட்டும் கத்தியைத் தொடாதே என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். மூன்று வாரமும் முடியப் போகிறது, வலி போகவில்லை. ஏன் ஆறவில்லை என்று என் மனைவி எலொய்னா தினமும் கேட்கிறாள். காரணம் இந்தக் கதையின் நான்காம் பகுதியில் இருக்கிறது. அங்கே போகத் தைரியம் வர வேண்டும் என்பதற்காகத்தான் முதல் மூன்றை எழுதுகிறேன்.

கதை பிறந்தது இப்படி. எங்கள் ஆலையில் நாங்கள் உருட்ட உருட்ட, வாசிப்பதற்கென்றே வேலைக்கு இருக்கும் மிர்த்தா மேடையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் வாசிப்பாள். காலையில் செய்தித்தாள், மதியத்துக்கு மேல் நாவல். பிடித்தால் கத்தியைப் பலகையில் தட்டுவோம். பிடிக்காவிட்டால் தரையில் போடுவோம். அதிகமாகக் கீழே போடுகிறவன் நான். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவ்ளோ தெரிஞ்சவன் நீயே ஒண்ணு எழுதிட்டு வாயேன். வெள்ளிக்கிழமை வாசிக்கிறேன். எத்தனை கத்தி கீழ விழுதுன்னு நானும் பாக்குறேன்."

ஆகவே இது காதுக்காக எழுதப்பட்டது. அச்சில் படிக்கிறவர்கள் கொஞ்சம் சத்தமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "புது செடார் பெட்டி என்பது தாகத்தோடு பிறக்கும் ஒரு..."

வேண்டாம். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

இரண்டாவது: "நெரெய்தா அழகான..."

அவள் இதைக் கேட்டால் சிரித்தே கெடுத்துவிடுவாள்.*

[* ஏற்கெனவே சிரித்துவிட்டாள். நேற்றே வந்து தாளைப் பிடுங்கிப் படித்துப் பார்த்தாள். — மிர்த்தா]

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: நெரெய்தா எங்கள் ஆலையில், சுருட்டின் மேலே சுற்றும் மேலிலையை நனைக்கிறவள். காய்ந்த இலைக் கட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, இரண்டு உதறு உதறுவாள். மூன்றாவது உதறு உதறினால் இலை கிழியும், ஒன்றோடு நிறுத்தினால் கறுக்கும். முப்பது வருடமாக அந்த இரண்டு உதறல். அவளுடைய தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியே இருக்கும்.

அவள் மகள் யுஸ்லெய்திக்கு நாளை, சனிக்கிழமை, கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா எவரிஸ்தோவுக்குப் புகையிலைத் தோட்டம். போன மாதம் பேசி முடிக்க வந்த அன்று, காபியைக் குடித்துவிட்டு அவர் ஒரு சுருட்டு கேட்டார். நெரெய்தா அடுக்களையிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். காதருகே வைத்து விரலால் அழுத்தினார். சருகு மிதித்த சத்தம் கேட்டது.

"சம்பந்தி, நாங்க எட்டு மாசம் புள்ள மாதிரி வளத்து அனுப்புறோம். ஆலைக்காரங்க வீட்டுக்கு வந்துதான் அது சாகுது."

"உங்க வாய்க்கு ஈரம் பத்தலன்னா தண்ணி குடிங்க சம்பந்தி" என்றாள் நெரெய்தா. "கல்யாணத்தன்னிக்கு என் சொந்தப் பெட்டியிலேர்ந்து முப்பது சுருட்டு எடுத்து வைக்கிறேன். ஒண்ணு காஞ்சிருந்தாலும் உங்க தோட்டத்துக்கு வந்து நான் களை பறிக்கிறேன்."

"நாப்பது பேரு சாட்சி இருப்பாங்க."

"அறுபது பேராக் கூட்டிட்டு வாங்க."

அவர் போன பிறகுதான் கணவன் லியோவி கேட்டானாம்: "நம்மகிட்ட ஏதுடி பெட்டி?"

3

[லியோவியை இந்தக் கதையில் அதிகம் பேசாத மனிதனாக எழுதப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் தாங்கவில்லை.]

சுருட்டு காயாமல் வைக்கும் அந்தப் பெட்டியைச் செய்தவன் நான். பலகை எங்கிருந்து வந்தது என்று இப்போது கேட்காதீர்கள். செடார் மரம், நன்றாக விளைந்தது, மூடியின் நடுவில் பன்றிக்கண் மாதிரி ஒரு கணு. உள்ளே வார்னிஷ் பூசவில்லை. பூசினால் சுருட்டில் அந்த வாடை ஏறிவிடும். பெட்டியோடு பஸ் டிரைவரிடம் வாங்கிய, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டிலும் சுத்தமான துணியும் கொடுத்துச் சொன்னேன்:

"காஞ்ச மரம். இப்பவே சுருட்டை வச்சா அதுல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிடும். துணியை நனைச்சுப் பிழிஞ்சு உள்பக்கம் மட்டும் துடை. ஒரு கோப்பையில தண்ணி வச்சு மூடு. ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பத் துடை. ஒரு வாரம் பொறு."

நெரெய்தா இடுப்பில் கை வைத்தாள். "யாருக்குடா தண்ணி காட்டச் சொல்லித் தர்றே? எனக்கா?"

நான் கிளம்பியதும் துணியைத் தூக்கிப் போட்டாள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் முக்கினாள். எடுத்து இரண்டு உதறு.

[நெரெய்தாவின் மறுப்பு: "மூடியை மட்டுந்தான் முக்குனேன்." லியோவியின் சாட்சியம்: "முழுசா முக்குனா. எம் மேலெல்லாம் தண்ணி."]

பிறகு, நான் சொன்னதற்கு மரியாதையாக ஒரே ஒரு காரியம் செய்தாள். கோப்பையில் தண்ணீர் வைத்து மூடினாள். மறுநாள் மூடி திறக்கவில்லை. ஊறி உப்பி, பெட்டியும் மூடியும் ஒரே கட்டையாகிவிட்டது. ஆட்டினால் உள்ளே கோப்பை உருண்டது.

"பெட்டியைக் குளிப்பாட்டுனியே, தலை துவட்டுனியாடி?" என்றான் லியோவி.

முப்பது வருடத்தில் முதன்முறையாகத் தண்ணீர் நெரெய்தாவை ஏமாற்றியிருந்தது. வெயிலில் வைத்தால் பிளக்கும் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல்மேல் வைத்தாள். தினமும் காலையில் ஒரு பக்கமாகப் புரட்டினாள். புரட்டும்போது பெட்டியிடம் பேசினாள் என்று லியோவி சொல்கிறான். என்ன பேசினாள் என்பதை மிர்த்தா வாசிக்க மாட்டாள்.*

[* மாட்டேன். — மிர்த்தா]

பதினோராம் நாள் மூடி "பொக்" என்று விட்டது. மூக்கை உள்ளே நுழைத்தாள். மழையில் நனைந்த காட்டின் வாசனை. என் ஒரு வாரத் துடைப்பு செய்திருக்க வேண்டியதை, அவளுடைய முரட்டுத்தனம் பதினொரு நாளில் செய்திருந்தது. அடுக்களையிலிருந்து தெரு வரைக்கும் ஓடி, "தொறந்துடுச்சு!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதுவென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

முப்பது சுருட்டு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆலை நமக்குத் தினமும் தரும் பங்குச் சுருட்டிலிருந்து ஆளுக்கு ஒன்றாக நீங்கள் முப்பது பேர் கொடுத்தது. போன சனிக்கிழமை அடுக்கி வைத்தாள். இன்று காலை ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். சத்தம் இல்லை. ரொட்டி மாவு போல அமுங்கி, மெல்ல எழுந்தது.

4

இப்போது பலகை.

எலொய்னா, நீ ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, சுருட்டுக்குக் காகிதப் பட்டை ஒட்டும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாய். நம் அலமாரியின் இடது கதவில் கறையான் ஏறிவிட்டது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்து, "செடார்லயா? கறையானா? அது வாய வச்சா செத்துல்ல போகும்?" என்றாய். பிறகு கதவு இருந்த இடத்தில் பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டாய். அந்தத் திரை மூன்று வாரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கறையான் நான்தான். அந்தக் கதவைப் பெட்டிக்காக அறுத்த கை இது. மணிக்கட்டு ஆறாததற்குக் காரணமும் அதுதான். உன்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயோ என்னவோ. கேட்காமல் அறுத்தேன்.

நாளை அந்தப் பெட்டி கல்யாண மேசையில் இருக்கும். பன்றிக்கண் கணுவைப் பார்த்த நொடியே உனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இன்றே, இருநூறு பேர் நடுவில், நீ கத்தினாலும் கத்திச் சத்தத்தில் கேட்காத இடத்தில் சொல்கிறேன். கோழைத்தனம்தான்.

5

முடிவுகள்.

அ) எவரிஸ்தோ பற்றவைக்கிறார். கண்ணை மூடுகிறார். "எந்தத் தோட்டத்து இலை இது?" என்கிறார். "உங்களதுதான் சம்பந்தி. எங்க வீட்டுல செத்துப்போச்சு" என்கிறாள் நெரெய்தா. வறுத்த பன்றியை விட்டுவிட்டு அறுபது பேரும் பெட்டியைச் சுற்றி நிற்கிறார்கள்.

ஆ) சுருட்டு பாதியில் அணைகிறது. நெரெய்தா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தை நோக்கி

இல்லை. இதை எழுத எனக்குக் கை வராது. முப்பது பேரும் என்னை ஆலைக்குள் விட மாட்டீர்கள்.

இ) எலொய்னா எழுந்து வந்து, சுருட்டுகளையெல்லாம் மேசைவிரிப்பில் கொட்டிவிட்டு, தன் கதவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவளை யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் அது அவளுடையது. நெரெய்தா தன் "சொந்தப் பெட்டி" போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

முதலாவதுதான் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அ-வா இ-யா என்று சொல்ல என்னால் முடியாது. கல்யாணம் நாளைக்கு, கதவு எலொய்னாவுடையது. இதோ, மிர்த்தா இங்கே நிறுத்துவாள். உங்கள் கத்தி உங்கள் கையில் இருக்கிறது. எலொய்னாவின் மேசையில் கத்தி கிடையாது, பசைக்கிண்ணம்தான் இருக்கிறது. அவள் அதை மேசையில் தட்டுகிறாளா, தரையில் போடுகிறாளா என்று பாருங்கள். முடிவு அதுதான்.

கடன் மட்டும் எழுத்தில் இருக்கட்டும்: எலொய்னாவுக்கு நான் ஓர் அலமாரிக் கதவு பாக்கி. செடார் மரம், இடது பக்கம், இரண்டு கீலோடு.