பீரோ நின்ற தடம்

அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைப்பதுதான் அந்த வீட்டுப் பரிசோதகரின் தொழில். வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரை அனுப்புவார்கள். குழாயைத் திறப்பார், கதவை ஆட்டிப் பார்ப்பார், சுவரைத் தட்டுவார், உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பார். கேட்டால், "வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளம்" என்பார்.

அன்று காலை அவர் போன வீட்டின் சொந்தக்காரர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சார், இதை வித்துட்டு நாங்களும் ஒரு வீடு வாங்கறோம். அடுத்த வாரம் அதையும் நீங்களே பாத்துக் குடுங்க. எங்க பொண்ணுக்கு வீசிங். ஈரச் சுவர் ஆகவே ஆகாது. ஒரு இண்டு இடுக்கு விடாம பாருங்க."

"பாத்துடலாம். முதல்ல இது."

கூடம், சமையலறை, மாடிக் குளியலறை எல்லாம் வெளுத்துப்போன மஞ்சள். குளியலறைக்கு நேர் கீழே இருந்த அறையில் மட்டும் ஒரே ஒரு சுவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றது. அதை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. எதிர்ச் சுவரோரம் தரையில் நான்கு சதுரத் தடங்கள். பரிசோதகருக்கு ஆர்வம் தாங்கவில்லை. குனிந்து டேப்பால் தடத்தை அளந்தார். பிறகு பீரோவின் காலை அளந்தார். அச்சு அசலாக ஒரே அளவு.

"பீரோ எப்பவும் இங்கதானா?"

"கல்யாணமான நாள்லேருந்து இங்கதான் சார்."

"அப்ப அங்க நின்னது யாரு?"

சொந்தக்காரர் திருதிருவென விழித்தார். கெட்ட மனிதர் அல்ல. இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. அந்தப் பயம்தான் அவர் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தது.

"வாங்கறவங்க இந்த அறையைத்தான் குழந்தைக்குன்னு வெச்சிருக்காங்க. எட்டு மாசக் குழந்தை," என்றார் பரிசோதகர். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அடுத்த வாரம் பாக்கப் போற வீட்டுல இப்படி ஒரு பீரோ நின்னா, நகர்த்திப் பாக்கட்டுமா, விட்டுடட்டுமா?"

கதவோரம் நின்ற சொந்தக்காரரின் மனைவி உள்ளே வந்து பீரோவின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"நம்ம பொண்ணு எந்த ரூம்ல படுத்து இருமினா? இதுலதானே. அந்தப் பக்கம் பிடிங்க."

பீரோ நகர்ந்தது. புதுப் பெயிண்டையும் மீறிக் கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. சொந்தக்காரருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

"மேல குழாய் கசியுது சார். ரெண்டு வருஷமா. எழுதிக்குங்க. அதை மாத்தி, சுவரைக் காயவெச்ச பிறகுதான் விப்பேன். அவங்க காத்திருந்தா சரி, இல்லேன்னா எங்களுக்கு அந்த வீடு இல்லை, அவ்வளவுதான்."

பரிசோதகர் எழுதி முடித்து நிமிர்ந்தார். சொந்தக்காரர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"வாங்கறப்போ எதைத் தெரிஞ்சுக்கணும்னு துடிக்கறோமோ, அதை விக்கறப்போ நாமளே சொல்லிடணும் சார். குழந்தை யார் வீட்டுதா இருந்தா என்ன, மூச்சு மூச்சுதானே."