பதினைந்து நிமிடப் பச்சை

மின்கம்பி எட்டாத அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு சோலார் போட்டுக் கொடுத்தது அத்தான். பார்த்துக்கொள்வது வோல்ட்டு. வோல்ட்டு என்பது பட்டப்பெயர். சோலார் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அக்காவைக் கட்டியவர் காண்டிராக்டர் என்பதால் வேலை கிடைத்தது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயமும் அதோடு சேர்ந்தே வந்தது.

சுவரில் மாட்டியிருந்த சார்ஜ் கண்ட்ரோலர்தான் அவனுடைய செல்லம். கூரைப் பேனல் கொடுப்பதை வாங்கி பேட்டரிக்கு அளந்து ஊட்டுகிற பெட்டி. மஞ்சள் விளக்கு எரிந்தால் இன்னும் ஏறுகிறது, பச்சை என்றால் முடிந்தது.

"வெயில் இந்தப் போடு போடுது, பன்னெண்டு மணி நெருங்கியும் மஞ்சள்லயே நின்னா எப்படி தம்பி?" என்று நர்ஸ் கேட்டபோது, அவன் குஷியாகிவிட்டான்.

"பாட்டில்ல எண்ணெய் ஊத்துற மாதிரிக்கா. முதல்ல மடமடன்னு ஊத்தலாம். கழுத்து வந்ததும் கையைத் தளர்த்தி சொட்டு சொட்டா விடணும்ல? அந்தச் சொட்டுதான் மூணு மணி நேரம். அதைச் செய்யாம விட்டா பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா கெட்டிப்பட்டுப் போயிடும்."

"நீ கிளாஸ் எடுத்தது போதும். எனக்குப் பச்சை எப்ப வரும், அதைச் சொல்லு."

அவளுக்கு அதுதான் தலைவலி. பச்சை விளக்கைப் படம் பிடித்து தினமும் பன்னிரண்டு மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வராத நாளெல்லாம் காண்டிராக்டர் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி. மழை மாதத்தில் புள்ளிகள் மளமளவென்று ஏற, அத்தான் போன் போட்டார்.

"மச்சான், அந்தச் சொட்டு நேரத்தைக் குறைக்க முடியுமா முடியாதா?"

"முடியும் அத்தான், ஆனா பேட்டரி..."

"பேட்டரியைக் கட்டிக்கிட்டு நீயா குடும்பம் நடத்துற? கான்ட்ராக்ட் போச்சுன்னா உங்க அக்காகிட்ட நீயே வந்து சொல்லு."

நூற்றெண்பது நிமிடம் என்று இருந்ததைப் பதினைந்தாக்கினான். மழை விட்டதும் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தான். மழை விட்டது. அத்தான் விடவில்லை.

பதினொன்றரைக்குப் பச்சை வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பத்தரைக்கே வந்தது. அப்புறம் எட்டரைக்கு. "பாத்தியா, பேட்டரி நல்லா பழகிடுச்சு!" என்று அத்தான் அவன் தோளில் தட்டினார். எண்ணெய் சீக்கிரம் நிரம்புகிறது என்றால் பாட்டில் சிறுத்துக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். அந்த ஆஸ்பத்திரியில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை.

எட்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நர்ஸ் ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே வெளிச்சம் இல்லை. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து மொத்தமும் வெதுவெதுவென்று கிடந்தது. வாசலில் கைக்குழந்தைகளோடு நின்றிருந்த அம்மாக்களை ஒவ்வொருத்தியாகத் திருப்பி அனுப்பினாள்.

புதன்கிழமை விசாரணை என்றார்கள். "பழைய நம்பரை வெச்சிடு. பொழுது விடியறதுக்குள்ள," என்றார் அத்தான். வோல்ட்டு புதன் காலை ஐந்து மணிக்கே போய் பதினைந்தை மறுபடி நூற்றெண்பதாக்கினான். நான்கே அழுத்து.

அதிகாரி ஒன்பதரைக்கு வந்தார். கண்ட்ரோலரை அத்தானே திறந்து காட்டினார். "எல்லாம் கம்பெனி சொன்னபடி இருக்கு சார். உள்ளே என்னென்ன ஓட்டினாங்களோ, யாரு கண்டா? ஃபேன், போன் சார்ஜு..."

"ஒரு ஃபேன்தான் சார், அதுவும் நோயாளிக்கு," என்றாள் நர்ஸ். குரல் உடையவில்லை. "பச்சை வராம நான் எதையுமே போட்டதில்லை. படம் எல்லாம் இருக்கு, பாருங்க."

"பச்சை வந்தும் பேட்டரி செத்திருக்குன்னா ராத்திரி கரண்டை இழுத்து விட்டிருக்கீங்கன்னுதானே ஆகுது?" என்றார் அதிகாரி.

அவள் வோல்ட்டு பக்கம் திரும்பினாள். "தம்பி, உனக்குத்தான் தெரியும். பச்சைன்னா ஃபுல்லுதானே? வேற ஏதாச்சும் காரணம் இருக்கா? சொல்லுப்பா."

அத்தான் அவனைப் பார்க்கவில்லை. வெளியே நின்ற தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வோல்ட்டுக்குக் கூடப்பிறந்த அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது.

"பச்சைன்னா ஃபுல்லுதான்க்கா. வேற காரணம் எதுவும் இல்ல."

அதிகாரி எழுதினார். நர்ஸின் கவனக்குறைவு; சம்பளம் நிறுத்தம், மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அத்தானின் வண்டியிலேயே போனார்.

மணி பத்தரை. நர்ஸ் அலமாரியைப் பூட்டிச் சாவியை மேஜையில் வைத்தாள். கிளம்பப் போனவள் கண்ட்ரோலர் முன்னால் நின்றாள்.

"எட்டரைக்கு டான்னு பச்சை வந்துடும். ரெண்டு மாசமா நான்தானே படம் எடுக்குறேன்," என்றாள். "நேத்தும் எட்டரைக்கு வந்துச்சு. இன்னைக்கு இன்னும் மஞ்சள்."

அவன் கண்ட்ரோலருக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றான்.

"செத்த பேட்டரி ஒரே ராத்திரியில சொட்டு சொட்டா குடிக்கக் கத்துக்கிச்சா தம்பி?"

"அக்கா... அத்தான்தான்... எங்க வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாது. நான் வேணா நாளைக்குத் தனியா போய் அந்த அதிகாரிகிட்ட..."

"நாளைக்கு என்ன சொல்வே? பெட்டியைப் பழையபடி நீதானே மாத்தி வெச்சிட்டே, காட்ட என்ன இருக்கு?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "என்கிட்ட எண்ணெய், பாட்டில்னு அவ்வளவு அழகா சொன்ன பய. தெரியாம செஞ்சிருந்தா மனசு ஆறியிருக்கும்."

"அக்கா, ஒரு நிமிஷம்..."

"அக்கான்னு கூப்பிடாதே. உனக்குத்தான் வீட்டுல ஒருத்தி இருக்காளே. அவ போதும்."

வாசலில் இன்னொரு அம்மா கைக்குழந்தையோடு வந்து நின்றாள். ஊசி இன்றைக்கு உண்டா என்று அவனைப் பார்த்துக் கேட்டாள்.