முடிவுத் தேதி இல்லாதவர்கள்

ஆரோக்கியராஜ் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகும், பனியன் கம்பெனியில் அவன் துணி ஓரம் அடித்த ஓவர்லாக் மெஷின் தினமும் காலை எட்டரைக்கு ஓடத் தொடங்கி, மாலையில் மணி அடித்ததும் நின்றது. ஸ்டூலில் ஆள் இல்லை. பெடல் தானாக அமுங்கும், வெட்டிய துணி ஊசிக்கடியில் போய் ஓரம் சேர்ந்து மறுபக்கம் விழும். மெக்கானிக் ராமர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். மெஷின் அதைப் பொருட்படுத்தவில்லை. பிளக்கை மறுபடி சொருகிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். அந்த வருடம் நூல் விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் திருப்பூரில் பேசுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. தெற்கத்தி ஆட்கள் பண்டிகைக்குப் பஸ் ஏறினால் யார் திரும்புவார்கள், யார் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பொங்கல் கழித்து வருவார்கள், கோயில் கொடை முடிந்து வருவார்கள், சிலர் அடுத்த பண்டிகை போனஸ் நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நிற்பார்கள். அதனால் ஆள் வேலையிலிருந்து நின்ற தேதியை இங்கே யாரும் உடனே எழுதுவதில்லை. "வந்தாலும் வருவாங்க, கதவ எதுக்குங் கண்ணு சாத்தறது?" என்பார் முதலாளி லிங்கசாமி. பழைய கம்ப்யூட்டரில் அந்த இடம் வெறுமனே காலியாகக் கிடக்கும், அதனால் ஒரு பாதகமும் இருந்ததில்லை. அவர் மகள் அனுப்பிரியா கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்து ஏற்றிய புது டேட்டாபேஸ் அப்படியல்ல. சேர்ந்த நாள், நின்ற நாள் என்று தனித்தனியாகக் கேட்காமல், இதிலிருந்து இதுவரை என்று ஒரு முழுக் காலத்தையும் ஒரே கட்டத்துக்குள் வைத்துக்கொள்ளும். முடிவு எழுதாவிட்டால் அந்தக் காலத்துக்கு முடிவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஒரே மெஷினில் இரண்டு பேருடைய காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் விடாது. பாவம், தேதி எழுதாததால் ஆரோக்கியராஜ் இன்னும் வேலையில் இருக்கிறான் என்றே நம்பிவிட்டது.

வடக்கத்தி டெய்லர் ஒருவரை அந்த மெஷினில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். இந்த இடம் ஏற்கெனவே ஒருவருடையது என்று திரையில் வந்தது. உடனே அவர் ஸ்டூலிலிருந்து மெதுவாக வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். அடி ஒன்றும் படவில்லை. மெஷினைக் கும்பிட்டுவிட்டு வேறு லைனுக்குப் போனார். செக்கிங்கில் இருந்த பழனாத்தாளுக்கு மட்டும்தான் குறை. ஆரோக்கியராஜ் தையல் முடிவில் விரலளவு நூலைத் தொங்கவிடுவான். எத்தனை முறை திட்டியும் திருந்தாதவன். "ஆளே இல்லீங்க, ஆனா வாலு உடறத மட்டும் இன்னும் நிறுத்துலீங்க" என்று கத்தரியால் வெட்டிக்கொண்டே புலம்புவாள்.

அவன் தைத்துத் தள்ளும் பீஸை எடுத்து அடிமடிப்புத் தைப்பது அடுத்த மெஷினில் உட்காரும் நதியா. இருவரும் கோவில்பட்டிப் பக்கம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நதியாவின் அண்ணன் மாரிச்செல்வத்திடம் வந்து பெண் கேட்பதாகச் சொல்லிவிட்டுத்தான் அவன் பஸ் ஏறினான். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. ஊரில் விசாரித்தால் மஸ்கட் என்றார் ஒருவர், மங்களூரில் மீன்பிடிப் படகில் பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். நதியா யாரிடமும் அழவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து அந்த ஸ்டூலைத் துடைப்பாள். அவன் பக்கமிருந்து விழும் முதல் பீஸின் நூல் வாலைப் பழனாத்தாளுக்குத் தெரியாமல் தானே கடித்து எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொள்வாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவன். அவன் தையல் மட்டும் கிடைத்தது.

அந்த டேட்டாபேஸுக்கு இன்னொரு திறமையும் உண்டு. ஒவ்வொருவருடைய வேலையையும் அவருக்கு முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் வேலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, கடந்த ஒரு வாரத்தின் போக்கைக் கோடாக வரைந்து காட்டும். அனுப்பிரியா அந்த லைனை வரையச் சொன்னபோது, ஆளில்லாத மெஷினின் கோடு நதியாவின் கோட்டைத் தொட்டபடியே ஏறி இறங்கியது. நதியாவுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் அதுவும் தரையோடு படுத்துக் கிடந்தது. அனுப்பிரியா அதை யாரிடமும் காட்டாமல் திரையை அணைத்தாள்.

வருடங்கள் போயின. மாரிச்செல்வம் கொண்டுவந்த வரன்களையெல்லாம் நதியா ஒரே பதிலில் திருப்பி அனுப்பினாள். "அந்த மெசினு நிக்கட்டும்ண்ணே, அப்புறம் பாப்போம்." மெஷின் நிற்பதாக இல்லை. சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் வேலுமணி என்பவர் மட்டும், இரண்டு முறை திருப்பி அனுப்பியும், மூன்றாம் முறை அவரே வந்து, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். காத்திருப்பது என்றால் என்னவென்று நதியாவுக்குத் தெரியும். அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவள் அனுப்பிரியாவின் மேசைக்கு வந்தாள். "மேடம், அவருக்கு நின்ன தேதியப் போட்ருங்க."

"போட்டா மெஷின் நின்னு போயிருமுங்க நதியா."

"தெரியும் மேடம். அது ஓடிக்கிட்டு இருக்கும்போது என்னால எந்திரிச்சுப் போவ முடியல. ஏங்கி ஏங்கி அலுத்துப்போச்சு."

அனுப்பிரியா அந்தக் கட்டத்தைத் திறந்தாள். லைனிலிருந்து மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் விரல் வைக்கும்போது அந்தச் சத்தம் தயங்கித் தயங்கி வந்தது, நதியா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். "வேண்டாம் மேடம்!" என்று நதியா அவள் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த கையை விடாமல் அப்படியே உட்கார்ந்து, அத்தனை வருட அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தாள். அழுது முடித்தபின், "அது ஓடட்டும் மேடம், நான் போறேன்" என்று எழுந்து, வேலுமணிக்குச் சரி என்று சொல்லும்படி அண்ணனுக்குப் போன் செய்தாள்.

தை மாதம் கல்யாணம். கணக்கைத் தீர்த்து அனுப்பிய அன்று நதியாவின் கட்டத்தில் நின்ற தேதியை எழுத வேண்டியிருந்தது. அனுப்பிரியா கட்டத்தைத் திறந்து, அப்படியே மூடினாள். ஊருக்குப் போனவன் தேதியை எழுதாமல் விட்டது பழக்க தோஷம். நதியாவின் தேதியை அவள் தெரிந்தேதான் எழுதாமல் விட்டாள்.

மறுநாள் எட்டரைக்கு இரண்டு மெஷினும் ஓடின. ஓவர்லாக் தள்ளிவிட்ட பீஸ் தரையில் விழவில்லை, பக்கத்து மெஷின் வாங்கிக்கொண்டது. "இதுக்கும் ஆள் வேண்டாமா கண்ணு?" என்று லிங்கசாமி கேட்டார். "வேண்டாமுங்கப்பா" என்றாள் மகள். அவர் அடுத்த லைனைப் பார்க்கப் போய்விட்டார். திரையில் இரண்டு கோடுகளும் ஒரே கோடாகிவிட்டன, எது யாருடையது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

நதியா சாமளாபுரத்தில் நன்றாக இருக்கிறாள். பெண் குழந்தை, நடக்கப் பழகுகிறது. காலை எட்டரைக்கு அவள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தரையை அமுக்கத் தொடங்கும், அது அவளுக்கே தெரியாது. வேலுமணி ஒருநாள் அதைப் பார்த்தார். வெறுந்தரை சில்லென்று இருக்குமே என்று ஒரு சாக்கை மடித்து அந்தக் காலுக்கடியில் போட்டுவிட்டுத் தறிக்குப் போனார். பழனாத்தாளுக்கு வரும் பீஸ்களில் இப்போதெல்லாம் நூல் வால் இருப்பதில்லை. யாரோ முன்னாலேயே கடித்து எடுத்துவிடுகிறார்கள்.